கல்யாண கேசட்

எங்கள் கல்யாண கேசட் பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு நடுவே, அந்துருண்டை வாசனையோடு, யாருக்கும் ஒரு தொந்தரவும் தராமல் கிடந்தது. ரிட்டையர் ஆன மனுஷனுக்குச் சும்மா இருக்கத் தெரியுமா? டிஜிட்டல் ஆக்குகிறேன் என்று கிளம்பினேன். அதுவும் ஏனோதானோ என்று இல்லை, நல்ல தரத்தில்.

உலகத்தில் கடைசிவரை வி.சி.ஆர். செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் கம்பெனி 2016-லேயே கடையைக் கட்டிவிட்டது. அந்த வருஷம் நான் பெங்களூர் மல்லேஸ்வரத்தில்தான் இருந்தேன், யாரும் சொல்லவில்லை.

பரணிலிருந்து எங்கள் மெஷினை இறக்கினேன். கேசட்டை லபக்கென்று இழுத்துக்கொண்டு 'கிர்ர்' என்றது. திருப்பித் தர மறுத்துவிட்டது.

"உள்ள போனதைத் திருப்பித் தராது. உங்க வீட்டு மெஷின்தானே!" என்றாள் மனைவி.

தூக்கிக்கொண்டு எஸ்.பி. ரோடு போனேன். "பெல்ட் சிகல்லா சார்" என்று கடைக்குக் கடை கையை விரித்தார்கள். ஒரு பொடியன், "இதுல ப்ளூடூத் வருமா அங்கிள்?" என்றான்.

கடைசியில் ஒரு மாடிப்படிக்கு அடியில் பெரியவர் ஒருவர் அகப்பட்டார். மூடியைக் கழற்றினார். ரீலைத் திருப்புகிற ஐட்லர் டயர், ஒரு சின்ன ரப்பர் வளையம், கருப்பு அல்வாவாகி அவர் விரலில் ஒட்டிக்கொண்டது. பக்கத்தில் பளபளவென்று சாய்ந்து நின்றது ஹெட் டிரம். ஓடினால் நிமிஷத்துக்கு 1500 சுற்று. நான்தான் எல்லாம் படித்துவிட்டுப் போயிருந்தேனே, பையிலிருந்து பட்ஸை எடுத்து நீட்டினேன்.

"அதை வெச்சுத் தேய்ச்சா ஹெட்டு புட்டுக்கும் சார். நீங்க அந்த ஸ்டூல்ல உக்காருங்க."

மெல்லிய தோல் துண்டை ஸ்பிரிட்டில் நனைத்து, டிரம் மேல் அசையாமல் வைத்துக்கொண்டு, மறுகையால் டிரம்மைச் சுற்றினார். அதன்பிறகு எனக்கு டீ வாங்கி வரும் உத்தியோகம்தான் கிடைத்தது.

வீட்டில் வந்து விளக்கினேன். நம் பால் (PAL) டிவி முறையில் படத்துக்கு 625 கோடு, ஆனால் வி.எச்.எஸ். டேப்பில் பக்கவாட்டில் தேறும் நுணுக்கம் சுமார் 240 கோடுதான். அதையும் சிந்தாமல் பிடிக்க எஸ்-வீடியோ வேண்டும். ஆடுகிற படத்தை நேராக்க டைம் பேஸ் கரெக்டர் வேண்டும். செகண்டுக்கு 50 ஃபீல்டும் பத்திரமாக வந்து சேரவேண்டும்.

"இருநூத்து நாப்பதுக்கா கேஸ் புக் பண்ண மறந்தீங்க?"

பெரியவரிடம் ஸ்டூடியோக் காலத்துப் பெட்டி எல்லாமே இருந்தது. காப்பி எடுத்துக் கொடுத்தார். வீட்டு டிவியில் போட்டேன், படம் வந்தது. முகூர்த்த நேரத்தில் என் முகம் ஒரு இதய வடிவத்துக்குள் சுழன்று சுழன்று, கல்யாணப் பெண்ணின் காதுக்குள் போய் மறைந்தது. அன்றைக்கு மிக்சிங் செய்தவரின் கைவண்ணம். என் நெற்றி வியர்வையைத் துளித்துளியாக எண்ணலாம். பெருமையோடு மனைவியைப் பார்த்தேன். அவள் டிவிக்கு ஓரடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"நிறுத்துங்க. கொஞ்சம் பின்னாடி போங்க."

போனேன். பந்தி ஓரமாக என் அத்தை நடந்துபோகிறாள். இத்தனை வருஷமாக அவள் இடுப்பருகே ஏதோ சாம்பல் நிறத்தில் மசமசவென்று தெரியும். இப்போது கைப்பிடி தெரிந்தது, திருகு மூடி தெரிந்தது. மாமியார் சீரில் வைத்து, மண்டபத்திலேயே காணாமல்போன வெள்ளிக் கூஜா!

"இன்னும் க்ளியரா வராதா?" என்றாள்.

அத்தை தீபாவளிக்கு வருகிறாள். அதே டேப்பைக் கொஞ்சம் மட்டமாக இன்னொரு காப்பி எடுத்துத் தரமுடியுமா என்று பெரியவரிடம் போய்க் கேட்டேன்.

"எதுக்கு சார்?" என்றார். "ஹெட்டு இப்போ புதுசு மாதிரி இருக்கு. நீங்களே முயற்சி பண்ணாலும் மட்டமா வராது."