ஐந்தொகையில் ஏறாத வண்டி

ரங்கூனுக்கோ பினாங்குக்கோ கொண்டுவிக்கப் போன இடத்தில், வட்டியைக் காசு பிசகாமல் போட்டு, பேரேட்டில் ஏற்றி, ஐந்தொகை எடுத்து ஊருக்கு அனுப்பிய பாட்டனாரின் பேரன் அவர். இப்போது காரைக்குடி செக்காலைப் பக்கம் ஒரு தகரக் கொட்டகையில், 1967-ஆம் வருஷத்து அம்பாஸிடர் மார்க் டூவுக்கு அடியில் மல்லாந்து கிடக்கிறார். வெளியே தெரிவது இரண்டு பாதங்களும் கைலி ஓரமும்தான். ஊரில் இந்த ரகத்து ஆட்களையெல்லாம் பாதத்தை வைத்துத்தான் அடையாளம் காண வேண்டும்.

கணக்கில் அவர் பாட்டனாருக்குச் சளைத்தவர் அல்லர். வெண்டைக்காயை நுனி ஒடித்துப் பார்க்காமல் வாங்கமாட்டார். மொய் நோட்டில் 1983-இல் யார் எவ்வளவு எழுதினார்கள் என்று கேட்டால் நோட்டைப் பார்க்காமலே சொல்வார். வண்டிக்கு ஆன செலவை மட்டும் கேட்கக் கூடாது. அது எந்த நோட்டிலும் இல்லை. வற்புறுத்தினால், "அது செலவு இல்லங்க, முதல்" என்பார். வட்டி என்ன வருகிறது என்று கேட்பவருக்கு அன்று காபி கிடையாது.

வண்டி கிடைத்த கதை எல்லோருக்கும் ஒன்றுதான். பங்காளிகள் பூட்டிப்போட்ட ஏதோ ஒரு வீட்டின் கொட்டகை. பின்சீட்டில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. கோழிக்கும் சேர்த்து விலை பேசி, டிராக்டரில் கயிறு கட்டி இழுத்து வந்தார். மனைவியான ஆச்சியிடம் சொன்னது ஒரே வாக்கியம்: "பத்தாயிரம் போட்டா ஓடிரும்." ஷெட் மெக்கானிக் பாய் சொன்னதும் ஒரே வாக்கியம்: "பிரிச்சுப் பாத்தாத்தாண்ணே தெரியும்." தமிழில் இதைவிட விலை உயர்ந்த வாக்கியம் இன்னும் எழுதப்படவில்லை.

பிரித்தார்கள். பெயின்டைச் சுரண்டினால் பட்டி. பட்டியைச் சுரண்டினால் அதற்கு முந்தைய உடைமையாளர் வைத்த பட்டி. எல்லாப் பட்டியையும் எடுத்த பிறகு தகரம் என்று மிஞ்சியதைத் தூக்கிப் பிடித்தால் கொப்புடையம்மன் கோயில் கோபுரம் தெரிந்தது. டிங்கரிங் ஒரு மழைக்காலம் முழுக்க நடந்தது. இன்ஜின் லேத்துக்குப் போய் ரீபோர் ஆகி, பிஸ்டன், ரிங், வால்வு, பேரிங் எல்லாம் புதிதாகத் திரும்பியது. வயரிங்கை எலி தின்றிருந்தது. மிச்சம் இருந்த ஒரிஜினல் பாகம் ஆர்.சி. புத்தகம் ஒன்றுதான். அதிலும் இரண்டு பக்கம் எலி.

இத்தனையும் நடப்பது எந்த ஊரில் என்று யோசிக்க வேண்டும். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இதே காரைக்குடியில்தான் இருக்கிறது. இரும்பு ஏன் துருப்பிடிக்கிறது, எப்படித் தடுப்பது, முலாம் எப்படிப் பூசுவது என்பதெல்லாம் அங்கே ஆராய்ச்சி. நம்மவர் அந்தச் சுற்றுச்சுவரைத் தாண்டித்தான் தினமும் ஷெட்டுக்குப் போகிறார். சுவருக்கு அந்தப் பக்கம் துருவைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறார்கள். இந்தப் பக்கம் இவர் அதற்குச் சோறு போடுகிறார். அங்கே இப்போது மின்சார வண்டிக்கான பேட்டரி ஆராய்ச்சியும் நடக்கிறது என்று சொல்லிப் பாருங்கள். "அதெல்லாம் வண்டியா? செல்போனுக்கு நாலு சக்கரம்" என்று முடித்துவிடுவார்.

அம்பாஸிடர் தயாரிப்பு உத்தர்பாராவில் 2014-இல் நின்றுபோனது. அன்றிலிருந்து உதிரிபாகம் தேடுவது தல யாத்திரை ஆகிவிட்டது. ஒன்பது நகரக் கோயில்களில் இன்னும் இரண்டு பாக்கி வைத்திருக்கும் மனிதர், சென்னைப் புதுப்பேட்டை, மும்பை சோர் பஜார், டில்லி மாயாபுரி, கொல்கத்தா மல்லிக் பஜார் நான்கையும் முடித்துவிட்டார். கதவுக் கைப்பிடி 300 ரூபாய். ரயில், லாட்ஜ், சாப்பாடு சேர்த்தால் பத்தாயிரம். ஆச்சியிடம் 300 என்பார். அது பொய் இல்லை. கைப்பிடியின் விலை அதுதானே? வீட்டுக்கு வந்து மாட்டிப் பார்த்தால் மார்க் த்ரீயின் கைப்பிடி.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போக வேண்டும். செட்டிநாட்டு வீடுகள் அங்கே துண்டு துண்டாக விற்பனைக்கு நிற்கும்: நிலை, கதவு, தூண், பீங்கான் சாடி, எனாமல் தூக்கு. பாட்டனார் பர்மாத் தேக்கில் இழைத்த மூன்றாங்கட்டுக் கதவு ஒருநாள் அந்தத் தெருவுக்குப் போய், கியர்பாக்ஸாகத் திரும்பி வந்தது. ஊரே வீட்டைப் பிரித்து விற்கும்போது, இவர் ஒருவர்தான் எதையோ சேர்த்துக் கட்டிக்கொண்டிருக்கிறார். அதைக்கூடப் பெருமையாகத்தான் சொல்ல முடியும், ஆச்சி பக்கத்தில் இல்லாவிட்டால். வண்டி ஏற்றத்தில் திணறும்போதெல்லாம் ஆச்சி கேட்பது இது: "என்னங்க, மூணாங்கட்டுக் கதவு இப்ப எந்த கியர்ல போகுது?"

இந்தப் பழைய வண்டிக் கூட்டத்தில் இரண்டு கட்சி உண்டு. ஒரிஜினல் கட்சிக்கு ஒரு திருகாணி மாறினாலும் தீட்டு. மாற்றும் கட்சி இசுஸு இன்ஜின், ஐந்து கியர், டிஸ்க் பிரேக், பவர் ஸ்டியரிங், ஏ.சி. என்று வெளியே 1967-ஐயும் உள்ளே நேற்றைய தேதியையும் வைத்திருக்கும். நம்மவர் முதலில் மாற்றும் கட்சியில் இருந்தார். எல்லாவற்றையும் மாற்றினார். அப்போதுதான் 2021-இல் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்கென்று விதி கொண்டுவந்தது. ஐம்பது வயது தாண்டிய வண்டி அசல் உருவம் மாறாமல் இருந்தால், புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய்; புதிதாகப் பதிவாகும் வண்டிக்கு ‘வி.ஏ.’ என்ற எழுத்துகளோடு தனி எண். மனிதர் ஒரே இரவில் கட்சி மாறினார். போட்ட இசுஸு இறங்கியது. பழைய இன்ஜினைப் பழைய விலைபோல் மூன்று மடங்கு கொடுத்து, தான் விற்ற ஆளிடமே திரும்ப வாங்கினார்.

அந்த விதியில் இன்னொன்றும் இருக்கிறது. அப்படிப் பதிவான வண்டியை அன்றாடப் போக்குவரத்துக்கு ஓட்டக் கூடாது. கண்காட்சி, பேரணி, ஆராய்ச்சி, எரிபொருள் நிரப்புவது, பழுதுபார்ப்பது ஆகியவற்றுக்கு மட்டும் சாலையில் எடுக்கலாம். மற்றவர்கள் இதைக் கட்டுப்பாடு என்று வருந்தினார்கள். பெட்ரோல் பங்க், ஷெட் இரண்டைத் தவிர வண்டியை வேறெங்கும் கொண்டுபோயிராத நம்மவருக்கு, டில்லியில் யாரோ தம்மைப் பார்த்தே விதி எழுதியதாகத் தோன்றியது.

வேறெங்கும் என்றால் பிள்ளையார்பட்டிக்கு மட்டும் முயற்சி நடந்திருக்கிறது. சதுர்த்திக்குக் கிளம்பினால் குன்றக்குடியில் முருகன் நிறுத்திவிடுவார். பெட்ரோல் பம்ப் சூடாகி, பெட்ரோல் ஆவியாகி, வண்டி இருமி நின்றதும் பம்ப்மேல் ஈரத்துணி போட வேண்டும். அர்ச்சனைக் கூடையோடு ஒரு வாளித் தண்ணீரும் பழைய துண்டும் எடுத்துவைப்பது ஆச்சிக்குப் பழகிவிட்டது. தம்பியிடம் தோற்ற அண்ணனைத் தரிசிக்க, ஆச்சி அங்கிருந்து பஸ் பிடிப்பார்.

செலவு பற்றிப் பேச்சு வந்தால் அவரிடம் ஆதாரம் தயார். 1955-ஆம் வருஷத்து மெர்சிடிஸ் ஒன்று 2022-இல் 13.5 கோடி யூரோவுக்கு, அதாவது ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் போனது. நம்ம ஊர் ஏவி. மெய்யப்பன் தொடங்கிய ஸ்டூடியோவில் 2023 முதல் பழைய கார்கள் காட்சிக்கு நிற்கின்றன. எல்லாவற்றுக்கும் மேல், 2017-இல் அம்பாஸிடர் என்ற பெயரை மட்டும் பிரெஞ்சு பூஷோ கம்பெனி 80 கோடிக்கு வாங்கியது. "வெறும் பேருக்கே எம்பது கோடி. நம்மகிட்ட வண்டியே இருக்கு" என்பார். ஆச்சி மறுப்பதில்லை. "அப்ப பேரை வித்துட்டு வண்டியை வச்சுக்கங்க" என்பார்.

அரசாங்கமும் தன் பங்குக்கு உதவுகிறது. பதினைந்து வயது தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022-இல் 5,000 ஆனது. இருபது வயது தாண்டியவற்றுக்கு 2025-இல் 10,000. பெட்ரோலில் இருபது சதவீதம் எத்தனால் வந்த பிறகு பழைய ரப்பர் வாஷர், டியூப் எல்லாவற்றையும் மாற்றச் சொல்கிறார் பாய். எத்தனால் என்ற சொல்லை அவர் உச்சரிக்கும்போது முகத்தில் ஒரு பொலிவு.

சென்ற பொங்கலுக்கு மகன்கள் இருவரும் ஊருக்கு வந்திருந்தார்கள். வயதாகிறதே என்று சொத்தைப் பிரித்து எழுத உட்கார்ந்தார். வளவில் ஒரு தூணுக்கு அரை நாள் வாக்குவாதம். வெள்ளிச் சொம்புக்கு மூத்தவர் எழுந்து வெளியே போய்விட்டார். கடைசியாக வண்டி வந்தது.

"தம்பிக்கே இருக்கட்டும் அப்பச்சி" என்றார் மூத்தவர்.

"அதெப்படி, மூத்தவுக இருக்கயில? அண்ணனுக்குத்தான்" என்றார் இளையவர்.

இருவரும் விட்டுக்கொடுக்கவே இல்லை. செட்டிநாட்டுப் பாகப்பிரிவினையில் அண்ணன் தம்பி ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்த சொத்து அது ஒன்றாகத்தான் இருக்கும். நம்மவருக்குக் கண் கலங்கிவிட்டது. வண்டிமேல் இவ்வளவு ஆசை வைத்திருந்தும் கூடப்பிறந்தவனுக்காக விட்டுக்கொடுக்கிறார்களே! பிற்காலத்தில் இதனால் பிள்ளைகளுக்குள் மனத்தாங்கல் வந்துவிடக் கூடாது. ஆளுக்கொன்றாக இருக்கட்டும் என்று, அன்று சாயங்காலமே தேவகோட்டைக்குப் போய் இன்னொரு மார்க் டூவுக்கு முன்பணம் கொடுத்துவிட்டு வந்தார்.