ஏழாம் நம்பர் ஆசை

எங்கள் வீட்டில் கரன்ட் போனால் விசிறியைத் தேடுவார்கள். தண்ணீர் வராவிட்டால் அசோசியேஷன் செக்ரட்டரிக்குப் போன் போடுவார்கள். நெட் வராவிட்டால் மட்டும் என்னைக் கூப்பிடுவார்கள். பில் கட்டுகிறவன்தான் பொறுப்பு என்று எந்தச் சட்டப் புத்தகத்தில் இருக்கிறதோ, எங்கள் வீட்டுச் சட்டத்தில் இருக்கிறது. மேல்முறையீடு கிடையாது.

சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. வைஃபை பெட்டி ஹாலில், டி.வி.க்குப் பின்னால், விருந்தாளி கண்ணில் படாதபடி ஒளித்து வைக்கப்பட்டிருந்தது. கடைசி அறையில் மகள். ஐ.டி. வேலை, வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்துதான். பெட்டிக்கும் அவளுக்கும் நடுவே இரண்டு கான்கிரீட் சுவர், ஓர் இரும்புப் பீரோ. மீட்டிங் நடுவில் "அப்பா, கட்டாகுது!" என்று குரல் வரும். அந்தக் குரல் மட்டும் எந்தச் சுவரிலும் தேயாமல் முழு பலத்தோடு வந்து சேரும்.

அடுத்தது அம்மா. ராத்திரி சீரியலை டி.வி.யில் நெட் வழியாகத்தான் பார்ப்பார். "ஏண்டா, வில்லி விஷத்தைக் கையில எடுத்தா, அப்படியே நிக்கிறாளே, என்னன்னு பாரேன்" என்பார். பார்த்தால், சமையலறையில் என் மனைவி மைக்ரோவேவில் சாம்பாரைச் சூடு பண்ணிக்கொண்டிருப்பாள். மைக்ரோவேவ் அடுப்பு ஓடுவது 2.45 கிகாஹெர்ட்ஸில். பழைய வைஃபை ஓடுவதும் அதே 2.4 வட்டாரத்தில். அடுப்பின் கதவோரம் கசிகிற துளி அலையே போதும், வில்லி உறைந்துவிடுவாள். சாம்பார் சூடானதும் விஷம் வைப்பாள்.

இதையெல்லாம் நான் பல வருஷமாகச் சகித்துக்கொண்டுதான் இருந்தேன். கெடுத்தது அந்த நம்பர். முன்பெல்லாம் வைஃபை தலைமுறைகளுக்கு 802.11என், 802.11ஏசி என்று கார் நம்பர் பிளேட் தோற்கும் பெயர்கள். ஒருவருக்கும் ஞாபகம் இருக்காது, அதனால் ஒருவருக்கும் பொறாமையும் இல்லை. 2018 அக்டோபரில் வைஃபை அலையன்ஸ் அமைப்பு, மக்களுக்குச் சுலபமாகப் புரியட்டும் என்று நம்பர் போட ஆரம்பித்தது. 2009இல் வந்த 'என்' நான்கு ஆனது, 2013இல் வந்த ஏசி ஐந்து ஆனது, அடுத்து வந்த ஏஎக்ஸ் ஆறு. 2024 ஜனவரியில் ஏழுக்குச் சான்றிதழ் கொடுக்கத் தொடங்கினார்கள். வீட்டுப் பெட்டி ஏசி என்று இருந்தவரை எனக்கு ஒரு குறையும் இல்லை. அது வெறும் ஐந்து என்றும், ஊரில் ஏழு வந்துவிட்டது என்றும் தெரிந்த அன்றே எங்கள் நெட் மெதுவாகிவிட்டது.

போதாக்குறைக்கு, கீழ்வீட்டுக்காரர் லிஃப்டில், "நாங்க செவன் போட்டுட்டோம் சார்" என்றார். கிரவுண்ட் ஃப்ளோர் வரும்வரை நான் தரையையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஏழின் உச்ச வேகம் காகிதத்தில் 23 ஜிபிபிஎஸ். எங்கள் வீட்டுப் பிளான் 200 எம்பிபிஎஸ். அதாவது பெட்டியின் திறமையில் நூறில் ஒரு பங்கைக்கூட நான் தொடப்போவதில்லை. இந்தக் கணக்கு எனக்கு வராமல் இல்லை. ஆனால் கணக்குப் பார்த்தா மனுஷன் ஆசைப்படுகிறான்? எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குக் கிளம்பினேன்.

கடையில் இருந்த தம்பிக்கு மகள் வயதுதான் இருக்கும். "செவன் ஒண்ணு குடுப்பா" என்று, தினமும் வாங்குகிறவன் தோரணையில் கேட்டேன்.

"பிளான் எவ்ளோ சார்?"

"இருநூறு."

அவன் என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. "வீட்ல செவன் சப்போர்ட் பண்ற போன், லேப்டாப் ஏதாவது இருக்கா சார்?"

சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தேன். எங்கேயாவது எழுதியிருக்கும் என்று ஒரு நம்பிக்கை.

"அதுல இருக்காது சார். மாடல் நம்பர் போட்டுத் தேடணும். இல்லாட்டி வாங்குன டப்பாவுல பாக்கலாம்."

அந்த டப்பாவில் என் மனைவி ஊக்கும் பட்டனும் போட்டு வைத்திருக்கிறாள் என்பதை நான் அவனிடம் சொல்லவில்லை. அவனே தேடிப் பார்த்து, "அஞ்சு சார்" என்றான். டாக்டர் ரிப்போர்ட் வாசிக்கும் அதே குரல். பிறகு பொறுமையாக விளக்கினான். பெட்டியும் போனும் இரண்டு பக்கமும் ஒரே தலைமுறையாக இருந்தால்தான் அந்த வேகம். ஐந்தாம் நம்பர் போன் ஏழாம் நம்பர் பெட்டியோடு ஐந்தாம் நம்பரில்தான் பேசும். ஏழின் பெரிய பலமே 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையும், அதில் 320 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் போடுகிற பாதையும்தான். அமெரிக்காவில் 2020லேயே 1200 மெகாஹெர்ட்ஸைத் திறந்துவிட்டார்கள். நம் நாட்டில் 5925 முதல் 6425 வரை 500 மெகாஹெர்ட்ஸை உரிமமில்லாமல் விடுவதற்கான வரைவு விதியே 2025 மே மாதம்தான் வந்தது. அந்த ஐந்நூறிலும் 320 அகலப் பாதை ஒன்றுதான் படுக்கும். இன்னொன்றும் சொன்னான். அட்டையில் ஏழு என்று போட்டு, உள்ளே 6 கிகாஹெர்ட்ஸ் ரேடியோவே இல்லாமல் விற்கிற பெட்டிகளும் உண்டாம். "நம்பரைப் பாத்து ஏமாந்துடாதீங்க சார்" என்றான். நம்பரைப் பார்த்து ஏமாறுவதற்காகவே ரயிலேறி வந்தவனிடம் சொல்கிற பேச்சா இது?

வெறுங்கையோடு வீட்டுக்குப் போக முடியாது. ஆறு வாங்கினேன். விலையும் ஏழைவிடக் குறைவு, நான்கு ஆன்டெனாவும் இருந்தது.

ஆறைக் குறைத்துச் சொல்லக் கூடாது. அதன் சாமர்த்தியம் வேகத்தைவிடக் கூட்டத்தைச் சமாளிப்பதில்தான் இருக்கிறது. இரண்டு ஆன்டெனா உள்ள போன், 80 மெகாஹெர்ட்ஸ் பாதையில், ஐந்தில் 867 எம்பிபிஎஸ் வரை போகும். ஆறில் 1201. காகிதத்தில் இவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் பழைய பெட்டி ஒரு சவாரிக்கு ஒரே ஆளை ஏற்றிப் போகும் ஆட்டோ என்றால், ஆறு நம்ம ஊர் ஷேர் ஆட்டோ. போனுக்கு ஒரு துளி, டி.வி.க்கு ஒரு துளி, பல்புக்கு ஒரு துளி என்று எல்லோரையும் ஒரே சவாரியில் இடித்து ஏற்றிக்கொண்டு போய்விடும். என்ன, ஏறுகிற கருவியும் ஆறாக இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அப்படி இருந்தது மகளின் ஆபீஸ் லேப்டாப் ஒன்றுதான். மிச்ச எல்லாரும் பழைய ஆட்டோதான்.

புதுப் பெட்டியை மாட்டி, புதுப் பெட்டியாயிற்றே என்று புதுப் பெயரும் புதுப் பாஸ்வேர்டும் வைத்தேன். அவ்வளவுதான், வீடு ஸ்தம்பித்தது. டி.வி. கேட்கவில்லை. பிரின்டர் திரும்பிப் பார்க்கவில்லை. படுக்கையறை ஸ்மார்ட் பல்பு நீல நிறத்தில் எரிந்து, அணைய மறுத்தது. ஆப் மூலமாகத்தான் அணையும், ஆப்புக்கு நெட் வேண்டும், பல்போ பழைய பெயரைத் தேடிக்கொண்டிருந்தது. "ஏங்க, லைட்டை அணைக்கிறதுக்கு ஒரு ஸ்விட்ச் இருந்துச்சே, அது எங்க போச்சு?" என்றாள் மனைவி. நியாயமான கேள்வி. மகள் வந்து, பெயரையும் பாஸ்வேர்டையும் பழையபடியே மாற்றினாள். எல்லாம் தானாக வந்து ஒட்டிக்கொண்டன. பெட்டி மாற்றுகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: பழைய பெயர், பழைய பாஸ்வேர்டு.

இப்போது வேகத்தைச் சோதித்துப் பார்க்கும் சுபமுகூர்த்தம். பெட்டிக்குப் பக்கத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, போனில் பார்த்தேன். 94. பழைய பெட்டியில் எவ்வளவு வந்தது? அதே 94.

மகள் எட்டிப் பார்த்தாள். "நூறுக்குக் கொஞ்சம் கீழ போய் முட்டிக்கிட்டு நின்னா, அது வைஃபை இல்லப்பா, கேபிள்."

ஃபைபர்காரர்கள் சுவரில் மாட்டிய வெள்ளைப் பெட்டியிலிருந்து நம் பெட்டிக்கு ஒரு குட்டி கேபிள் வருகிறதே, அதன் கண்ணாடி முனையை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். உள்ளே எட்டுக் கம்பிக்கு இடம். இருந்தது நான்கு: ஆரஞ்சு ஒரு ஜோடி, பச்சை ஒரு ஜோடி. நீலமும் பிரவுனும் முனை வரை வந்து, சுத்தமாக நறுக்கப்பட்டிருந்தன. கனெக்‌ஷன் கொடுக்க வந்த தம்பி, அப்போது பிளான் நாற்பதுதானே என்று நான்கு கம்பியோடு நிறுத்திக்கொண்டுவிட்டார். 100 எம்பிபிஎஸ் வரைக்கும் நான்கு கம்பி தாராளம். அதற்கு மேல் போய் கிகாபிட் வேண்டுமென்றால் எட்டும் சேர வேண்டும்.

அப்படியே பழைய பெட்டியையும் எடுத்துப் பின்பக்கம் பார்த்தோம். அட்டையில் 1200 என்று கொட்டை எழுத்து. அது 2.4இல் 300, 5இல் 867, இரண்டையும் கூட்டி மேலே இழுத்து விட்ட கணக்கு. பின்னாலிருந்த லேன் ஓட்டைகளின் அளவோ 10/100. முன்பக்கம் ஆயிரத்து இருநூறு, பின்பக்கம் நூறு. பிளானை இருநூறாக ஏற்றிய நாளிலிருந்து நான் மாதா மாதம் செலுத்திய பாதிப் பணம் எங்கே போனது என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. கேட்காமல் பார்த்தார்கள்.

நூறு ரூபாய் சொச்சத்தில் எட்டுக் கம்பி கேபிள் ஒன்று வாங்கி மாட்டியதும் ஹாலில் 200 வந்தது. சாதித்துவிட்டேன் என்று நிமிர்வதற்குள் கடைசி அறையிலிருந்து, "அப்பா, கட்டாகுது!"

அங்கேதான் பீரோ இருக்கிறது. அலைவரிசை ஏற ஏற வேகம் கூடும், சுவரைத் தாண்டும் தெம்பு குறையும். 2.4 சுமாராகத் தாண்டும், 5 தடுமாறும், 6 இன்னும் சீக்கிரம் உட்கார்ந்துவிடும். இரும்பு குறுக்கே நின்றாலோ, அப்படியே திருப்பி அனுப்பிவிடும். ஏழாம் நம்பர் பெட்டியே வாங்கியிருந்தாலும் அதன் 6 கிகாஹெர்ட்ஸ் எங்கள் பீரோவோடு தோற்றுத்தான் திரும்பியிருக்கும். பீரோவை நகர்த்தலாமா என்று மெதுவாகக் கேட்டேன். அது தென்மேற்கு மூலையில், வடக்குப் பார்த்து, வாஸ்துப்படி நிற்கிறது. லட்சுமி வெளியே போய்விடுவாளாம். நெட் உள்ளே வராதது பற்றி வாஸ்துவில் ஒன்றும் இல்லை.

ஆகவே பெட்டியை நகர்த்தினேன். டி.வி. முதுகிலிருந்து எடுத்து ஷோகேஸ் உச்சியில் வைத்தேன். அம்மாவின் டி.வி.யை 2.4இலிருந்து 5க்கு மாற்றினேன். இப்போது சாம்பாருக்கும் வில்லிக்கும் சம்பந்தமில்லை. மகள் அறைக்கு மட்டும், சுவரோரமாக ஒரு லேன் கேபிள் இழுத்து லேப்டாப்பிலேயே சொருகிவிட்டேன். அன்றிலிருந்து அவள் மீட்டிங் அறுபடவில்லை. புது பெயின்ட் அடித்த சுவரில் ஆணி அடித்ததற்கான விசாரணை மட்டும் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

ஒரு உண்மை சொல்கிறேன், வெளியே சொல்லாதீர்கள். நெட்ஃபிளிக்ஸ் தன் 4கே படத்துக்குக் கேட்பதே 15 எம்பிபிஎஸ்தான். ஃபுல் எச்.டி.க்கு 5. வீட்டில் எல்லோரும் சேர்ந்து ஒரே நேரத்தில் படம் பார்த்தாலும் அந்த 94 தீர்ந்திருக்காது.

எனவே என் தீர்ப்பு இது. ஃபைபர் பெட்டியோடு வந்த கேபிளில் எத்தனை கம்பி என்று முதலில் எண்ணுங்கள். பிறகு பெட்டியைத் திருப்பி, பின்பக்க ஓட்டை 100ஆ 1000ஆ என்று பாருங்கள். அப்புறம் அதை ஒளித்து வைத்த இடத்திலிருந்து வெளியே எடுங்கள். இத்தனைக்குப் பிறகும் மெதுவாக இருந்து, இருப்பது நான்கோ ஐந்தோ என்றால், ஆறு வாங்குங்கள், போதும். ஐந்நூறு, ஆயிரம் என்று பிளான் போட்டு, கையில் ஏழாம் நம்பர் போனும் வைத்திருக்கிறவர்கள் தாராளமாக ஏழு வாங்கலாம். மற்றவர்கள் பொறுத்திருங்கள். எட்டு தயாராகிக்கொண்டிருக்கிறது. அதில் வேகத்தைக் கூட்டுவதைவிட, அறுந்துபோகாமல் இருப்பதில்தான் கவனமாம். மிச்சமாகும் பணத்தில் நல்ல கேபிளாக நீளமாக வாங்கிக்கொள்ளுங்கள். ஆணி எங்கே அடிப்பது என்பதை மட்டும் முன்கூட்டியே வீட்டில் கேட்டு விடுங்கள்.