மைக்கை ம்யூட் செய்யவும்

ஆங்கிலம் பேசக் கற்றுத்தரும் ஆன்லைன் வகுப்பில் முதல் உத்தரவு என்ன தெரியுமா? "எல்லாரும் மைக்கை ம்யூட் பண்ணுங்க."

உள்ளே முந்நூறு பேர். பேசுகிறவர் ஒருவர். அவருக்கு ஏற்கெனவே ஆங்கிலம் வரும். வராத முந்நூறு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு, அவர் அழகாகப் பேசுவதை முக்கால் மணி நேரம் பார்க்கலாம். நீச்சல் பழகக் காசு கட்டியவனைக் கரையில் குந்த வைத்துவிட்டு வாத்தியார் மட்டும் நீந்துகிறார். முடிந்ததும் திரையில் காகிதப்பூ சிதறுகிறது. வாழ்த்துகள், இன்றைய பாடத்தை முடித்துவிட்டீர்களாம். ஒரு வார்த்தை பேசாமல்.

பக்கத்து வீட்டுப் பெண் இதில் மாட்டிக்கொண்டாள். பி.காம். முடித்து ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள். ஒரு நேர்முகத்தேர்வில் "டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்" என்றார்களாம். தன்னைப் பற்றி அவளுக்குத் தெரியாததா? தெரியும். தமிழில் தெரியும். எழுந்து வந்துவிட்டாள். அன்று இரவே அவள் கைப்பேசியில் விளம்பரம்: "இலக்கணம் வேண்டாம். மனப்பாடம் வேண்டாம். 30 நாளில் சரளமான ஆங்கிலம். முதல் வாரம் வெறும் 9 ரூபாய்." கூடவே கடிகாரம். பதினைந்து நிமிடத்தில் சலுகை முடிகிறது. மூடிவிட்டுத் திறந்தால் மறுபடியும் பதினைந்திலிருந்து ஓடுகிறது. வேண்டாமென்று விலகவும் பொத்தான் உண்டு. அதில் எழுதியிருப்பது: "எனக்கு முன்னேற விருப்பமில்லை."

முப்பது நாள் நமக்கொன்றும் புதிதல்ல. பேருந்து நிலையப் புத்தகக் கடையில் தாத்தா காலத்திலிருந்து தொங்குகிற முப்பது நாள்தான். ஆனால் அந்தப் புத்தகம் ஒரு தடவைதான் ஏமாற்றும். மாதா மாதம் வந்து பையில் கை விடாது.

இலக்கணம் வேண்டாம் என்கிறார்களே, அந்தப் பொய்யைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். "எனக்கு ரெண்டு தங்கச்சி" என்கிறோம். அதில் வினைச்சொல்லே கிடையாது. ஆங்கிலத்தில் அங்கே 'ஹேவ்' வந்தாக வேண்டும். அதற்கு நேரான வினை தமிழில் இல்லை. 'ஏ' எங்கே, 'தி' எங்கே, இரண்டும் இல்லாமல் விடுவது எங்கே என்ற தொல்லையை நம் மொழி நமக்குக் கொடுத்ததே இல்லை. வினையைக் கடைசிவரை கையில் வைத்திருந்து இறக்கிப் பழகிய நாக்கு, அதை நடுவிலேயே இறக்கக் கற்க வேண்டும். வீட்டோடு ஒட்டிக்கொண்டு வருகிற 'இல்', ஆங்கிலத்தில் வீட்டுக்கு முன்னால் தனியாக நிற்கிறது. தமிழும் ஆங்கிலமும் தெரிந்த ஓர் ஆசிரியர் நிதானமாக உட்கார்ந்து இதைச் சொன்னால் பாதிப் பயம் விலகும். ஆனால் அவருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டுமே. விளம்பரத்தில் வரும் நடிகருக்குக் கொடுத்தது போக மிச்சம் இருக்க வேண்டுமே. ஆகவே பாடம் எல்லா ஊருக்கும் ஒன்று. "தமிழிலும் உண்டு" என்பது பொத்தான்களை மட்டும் மொழிபெயர்த்தது.

உச்சரிப்புப் பயிற்சிக்கு இயந்திரம். அவள் 'ஜீரோ' என்கிறாள். சிவப்பு விளக்கு. மறுபடி சொல்கிறாள். மறுபடி சிவப்பு. அந்த ஒலி தமிழில் இல்லை, பல்லையும் நாக்கையும் இப்படி வை என்று சொல்ல ஆளில்லை. தப்பு என்று சொல்ல மட்டும் இயந்திரம் இருக்கிறது. பிரம்பில்லாத பழைய வாத்தியார்.

வீடு ஓர் அறை. இரவுக்காவல் முடித்த அப்பா பகலில் தூங்குகிறார். கிசுகிசுத்தால் செயலிக்குக் கேட்பதில்லை. சத்தமாகச் சொன்னால் தெருவுக்கே கேட்கிறது. தெரு சும்மா விடுமா? "என்ன, பீட்டர் விடுறியா?" ஆங்கிலம் வராவிட்டால் கம்பெனி சிரிக்கும். வர முயன்றால் தெரு சிரிக்கும். இந்த இரண்டு சிரிப்புக்கும் நடுவில்தான் கடை விரித்திருக்கிறார்கள். விற்பது ஆங்கிலமல்ல. வெட்கம்.

மூன்று மாதம் கழித்துக் கைப்பேசியோடு வந்தாள். "மாமா, இது என்னன்னு பாருங்க. காசு போய்ட்டே இருக்கு."

பார்த்தேன். 9 ரூபாய் கட்டியபோதே யுபிஐ ஆட்டோபேவுக்கு ஒப்புதல் வாங்கியிருக்கிறார்கள். மாதம் 499. மூன்று மாதம், 1,497. பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே வாடிக்கையாளருக்குத் தகவல் போக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. போயிருக்கிறது. விதி மீறப்படவில்லை. மூன்று தடவையும் ஒழுங்காகக் குறுஞ்செய்தி வந்திருக்கிறது.

ஆங்கிலத்தில்.

அவளுக்கு உண்மையிலேயே தேவைப்பட்ட ஆங்கிலப் பாடம் அந்த மூன்று வரிதான். அதை மட்டும் அவர்கள் நடத்தவே இல்லை. 'கட்டிய பணம் திரும்பாது' என்று நிபந்தனைகளில் போட்டிருக்கிறது, அதுவும் ஆங்கிலத்தில், பொடி எழுத்தில். அதைப் படித்துப் புரிந்துகொள்ளக் கூடியவள் எதற்காக இந்த வகுப்பில் சேரப்போகிறாள்? சேர்க்கும்போது பேசிய பெண் தேனாகத் தமிழ் பேசினாளாம், "அக்கா, அக்கா" என்று. பணத்தைத் திருப்பிக் கேட்டால் பதில் சொல்வது இயந்திரம், ஆங்கிலத்தில். வாங்கும்போது தாய்மொழி. கொடுக்கும்போது அந்நிய மொழி.

அரசு பார்த்துக்கொண்டா இருக்கிறது என்று கேட்காதீர்கள். பார்த்திருக்கிறது. 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டு நெறிகளே வெளியிட்டது. ஏமாற்றும் இணைய உத்திகள் 13 வகை. பொய் அவசரம் அதில் உண்டு. வேண்டாம் என்பவரைக் கூசவைக்கும் பொத்தானும் உண்டு. சந்தாப் பொறியும் உண்டு. எங்கள் பக்கத்து வீட்டை வேவு பார்த்து எழுதியதுபோல் அத்தனையும் இருக்கிறது. வெளியானது மத்திய அரசிதழில். இந்தியிலும் ஆங்கிலத்திலும். ஆங்கிலம் தெரியாமல் ஏமாறுகிறவளுக்கான பாதுகாப்பு, அவளுக்குத் தெரியாத இரண்டு மொழிகளில் பத்திரமாக இருக்கிறது.

இன்னொரு சிறு கணக்கு. இந்த மாதிரி வகுப்புகளுக்கு ஜிஎஸ்டி 18 விழுக்காடு. 1,497-இல் வரி மட்டும் 228 ரூபாய். பன்னிரண்டு ஆண்டு அரசுப் பள்ளியில் படித்தாள். பன்னிரண்டு ஆண்டும் ஆங்கிலம் ஒரு பாடம். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் அதற்கு 100 மதிப்பெண். அத்தனையும் பேனாவுக்கு, நாக்குக்கு ஒன்றுகூட இல்லை. பாட்டைத் தமிழில் விளக்கினார்கள், பதிலைக் கரும்பலகையில் எழுதினார்கள், அவள் உருப்போட்டாள், தேறினாள். கற்றுத்தர வேண்டிய அரசு கற்றுத்தரவில்லை. வெளியே போய்க் காசு கொடுத்து ஏமாறும்போது மட்டும் அதில் தன் பங்கைக் கேட்டு வாங்கிக்கொள்கிறது.

நேர்முகத்தேர்வு வைத்தவர்களையும் விட்டுவிட மனமில்லை. அது கணக்கெழுதும் வேலை. அலுவலகம் இந்த ஊரில். வாடிக்கையாளர்கள் இந்த ஊர்க்காரர்கள். தேநீர் கேட்பதும் திட்டுவதும் தமிழில். ஆங்கிலம் வேண்டியிருந்தது அந்த ஒரு கேள்விக்கு மட்டும்.

ஆட்டோபேயை நிறுத்திக் கொடுத்தேன். யுபிஐ செயலிக்குள் போனால் நாமே ரத்து செய்யலாம். இரண்டு நிமிட வேலை. இப்போது மாலையில் வந்து பத்து நிமிடம் என்னோடு ஆங்கிலத்தில் பேசுகிறாள். என் ஆங்கிலம் ஒன்றும் பிரமாதமில்லை. 'தி' எங்கே போடுவதென்று எனக்கே சில நேரம் சந்தேகம். ஆனால் நான் சிரிப்பதில்லை. மைக்கை ம்யூட் செய்யச் சொல்வதுமில்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி 499 போய்க்கொண்டிருக்கலாம். இன்றே குறுஞ்செய்திகளைப் புரட்டிப் பாருங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம்.