ஆர் நிறுவுதற் படலம்: மேற்கோள்குறிச் சிக்கலை முன்வைத்து ஓர் ஆய்வு

முப்பந்தல் காற்றாலைகளைப் பற்றி அறிஞர்கள் நிறைய எழுதிவிட்டார்கள். அந்தக் காற்றை அளந்த எண்களைக் கணினியில் ஏற்ற பக்கத்து ஆரல்வாய்மொழிப் பிள்ளைகள் படும் பாட்டை ஒருவரும் ஆராயவில்லை. அப்பெருங்குறை இத்துடன் தீர்ந்தது.

ஊர்ப்பெயரின் தொடக்கத்தைப் பிடித்துக்கொண்டு, அந்த எண்களைப் பகுக்கும் ‘ஆர்’ (R) என்னும் கணினிமொழி இங்கேதான் பிறந்தது என நிறுவ ஒரு சாரார் கிளம்பக்கூடும். நம் ஊர்ப்பெயராய்வுகளின் போக்கு அப்படி. முன்கூட்டியே மறுத்துவிடுகிறேன்: அது நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாக்காவும் ராபர்ட் ஜென்டில்மேனும் ஆக்கியது, பெல் ஆய்வகத்து ‘எஸ்’ மொழியின் வழித்தோன்றல். அதன் 1.0.0 பதிப்பு வெளியானது 2000 பிப்ரவரி 29. ஆகவே நான்காண்டுக்கு ஒருமுறைதான் பிறந்தநாள்.

நிறுவுவோர் மூவகையர்.

ஒன்று, நெக்ஸ்ட் நெக்ஸ்ட் என்று அமுக்குவோர். உரை வேண்டா.

இரண்டு, ஆர்ஸ்டூடியோவை மட்டும் இறக்கிவிட்டு ஆரை மறந்தோர். முன்னது முகப்பு; கணக்குப் போடுவது பின்னது. எனவே ஆரை முதலில் நிறுவுக. ‘இம்முறைவைப்பு இடைச்செருகல்’ என்பார் கூற்றுப் பொருந்தாது (பார்க்க: ஜங்ஷன் டீக்கடை, இடப்பக்க பெஞ்சு, மாலைப் பதிப்பு).

மூன்று, விண்டோஸில் பயனர்பெயரைத் தமிழில் வைத்தோர். மெச்சத்தக்க பற்று. 2022இல் வந்த 4.2க்கு முந்தைய ஆர் பதிப்புகள் அதை மெச்சவில்லை.

அனுமதி பற்றி: 1809 பிப்ரவரியில் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை ஆரல்வாய்மொழிக் கோட்டை அரணைப் பிடித்தபோது அட்மின் பாஸ்வேர்டு கேட்கப்பட்டதாகச் சான்றில்லை. கல்லூரி லேபில் கேட்பார்கள். ‘பெர்சனல் லைப்ரரி’ வைத்துக்கொள்ளவா என்று ஆர் கேட்கும்போது எஸ் சொன்னால், தொகுப்புகளையாவது (பேக்கேஜ்) பாஸ்வேர்டு இல்லாமல் இறக்கலாம்.

இனித் தலையாய சிக்கல். இன்ஸ்டால்.பேக்கேஜஸ் கட்டளையில் தொகுப்பின் பெயர் மேற்கோள்குறிக்குள் நிற்கவேண்டும். லைப்ரரி கட்டளையில் குறி வேண்டியதில்லை, போட்டாலும் குற்றமில்லை. என்னை எனின், மூன்று உரைகள் உள.

முதலுரை: இறங்காத தொகுப்பு விருந்தாளி, மரியாதை வேண்டும், இறங்கியபின் வீட்டுப்பிள்ளை. இவ்வுரை அழகானது, எனவே பரவலாக ஏற்கப்பட்டது.

இரண்டாம் உரை: குறியில்லாத சொல்லை ஆர் ஒரு பொருளின் பெயராகக் கொண்டு தேடும், கிடைக்காவிட்டால் ‘ஆப்ஜெக்ட் நாட் ஃபவுண்ட்’ என்று கைவிரிக்கும். லைப்ரரி மட்டும் தேடாமல், எழுதியதையே பெயராக எடுத்துக்கொள்ளும். இவ்வுரை சரியானது, எனவே யாரும் மேற்கோள் காட்டுவதில்லை.

மூன்றாம் உரை, “ரெண்டு எடத்துலயும் போட்டுட்டுப் போ மக்கா” என்பது (தோவாளைப் பூச்சந்தைச் சுவடி, வாழைநாரில் எழுதியது, இரண்டாம் முழம், பிச்சி கட்டிய பக்கம், மூலப்படி மதியத்துக்குள் வாடிவிட்டது, நகல் ஒரு கொண்டையில் வள்ளியூர் வரை போனதாகக் கேள்வி).

பாடபேதமும் உண்டு. துறைத்தலைவர்கள் கையேட்டை வேர்டில் அடித்து வாட்ஸப்பில் அனுப்புவர். வேர்டு நேர்க்குறியை அழகாக வளைத்துவிடும். வளைந்த குறியைக் கண்டால் ஆர் ‘அன்எக்ஸ்பெக்டட் இன்புட்’ என்று முகம் திருப்பும். கையேடு எழுதியவர் அந்தக் கட்டளையை ஒருமுறையேனும் ஓட்டிப் பார்த்தாரா என்பது இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

ஆய்வேட்டில் இவ்வளவும் ‘பகுப்பாய்வு ஆர் மென்பொருளில் செய்யப்பட்டது’ என்று ஒரு வரியாகும். செய்து கொடுத்த பிள்ளையின் பெயர், வந்தால், நன்றியுரையில் பைண்டிங் கடைக்காரருக்கு அடுத்து வரும்.