இறங்குமுகம்: ஊவா மலைகளுக்கு டூ ஸ்ட்ரோக் பைக் தெரிவுசெய்தல் குறித்த ஓர் ஆய்வு

இவ்வாய்வு நுதலியது யாதோவெனின், பதுளை மாவட்டத்துத் தோட்டப் பிள்ளையொருவன் மண்பாதைப் பந்தயத்துக்கு டூ ஸ்ட்ரோக் பைக் வாங்கப் புகுங்கால் எதை முதலில் பார்க்க வேண்டும் என்பதாம். இத்துறையில் வாய் திறந்தோர் யாவரும் குதிரைவலுவைப் பார் என்றனர். ஒரு சாரார் நிறத்தைப் பார் என்றனர். இறக்கத்தைப் பார் என்று எழுதிவைத்தார் இலர். அக்குறை நீக்கவே இந்நூல் எழுந்தது. ஆய்வாளரிடம் சொந்தமாகப் பைக் ஏதும் இல்லை. ஆகவே நடுநிலைக்குப் பங்கமில்லை.

ஆய்வுக்களம் தியத்தலாவை. முதல் உலகப் போருக்கு முன்னர் எச்.எம்.எஸ். ஃபொக்ஸ் என்ற பிரித்தானியக் கப்பலின் மாலுமிகள், கடற்காற்றே படாத இந்த ஊருக்கு ஏறிவந்து, மலைச்சரிவில் நரியொன்றின் உருவத்தைப் பதித்துவிட்டுப் போனார்கள். அந்த நரியின் பெயரில்தான் 1993 முதல் இராணுவக் கல்லூரியின் ஃபொக்ஸ் ஹில் சுப்பர் குரொஸ் பந்தயம் நடந்து வந்திருக்கிறது. புத்தாண்டுப் பலகாரம் தீருமுன்பே ஹப்புத்தளையிலிருந்தும் பண்டாரவளையிலிருந்தும் வெலிமடையிலிருந்தும் சனம் அங்கே திரளும். 2024 ஏப்ரல் 21ஆம் திகதி, பாதையை விட்டு விலகிய கார் ஒன்று ஆட்கள் மீது பாய்ந்து 7 பேர் இறந்தார்கள். அதைப் பற்றி இக்கட்டுரை வேடிக்கை பேசாது. பந்தயம் பார்க்கப் போகிறவர் கயிற்றுக்கு இப்பால் நிற்க வேண்டும் என்பதை மட்டும் சொல்லி மேலே செல்கிறது.

மலையகப் பந்தய மரபு முழுவதும் ஏற்றத்தின் பக்கம் சாய்ந்தது. நுவரெலியாவில் மகாகஸ்தோட்டை ஏற்றப் பந்தயம் 1934இலேயே தொடங்கிவிட்டது. கீழே கொடி அசைப்பார்கள், மேலே நேரம் குறிப்பார்கள். ஏறியவர் எப்படி இறங்கி வந்தார் என்று கேட்ட நடுவர் ஒருவரையும் நாம் அறியோம்.

இனி வரலாறு. சேர் தோமஸ் லிப்டன் 1890இல் வந்து தம்பேத்தன்னவை வாங்கி ஆலை கட்டிய அதே காலப்பகுதியில், இங்கிலாந்தில் ஜோசப் டே என்பவர் வால்வே இல்லாத எஞ்சினொன்றைச் செய்துகொண்டிருந்தார். இரண்டுக்கும் தொடர்பு உண்டா எனின், இல்லை. ஆயினும் ஆய்வுக் கட்டுரையில் இத்தகைய பத்தி ஒன்று இருப்பது மரபு. பின்னாளில் கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். தொழிற்சாலையில் வால்டர் காடன் என்ற பொறியியலாளர், புகைக்குழாயை நடுவில் பருக்க வைத்து முனையில் குறுக்கினார். வெளியே ஓடப் பார்க்கும் புதுக் கலவையை, அந்தக் குழாயில் மோதித் திரும்பும் ஒலியலையே மீண்டும் சிலிண்டருக்குள் தள்ளிவிடும். 1961இல் அவருடைய ஓட்டுநர் ஏர்ன்ஸ்ட் டெக்னர் சுவீடன் பந்தயத்தோடு நாட்டை விட்டு ஓடி, அந்த இரகசியத்தைச் சுசுகிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். மறு ஆண்டே 50 சிசி உலகப் பட்டம் சுசுகிக்கு. ஆக, பசறைப் பக்கம் கொந்தராத்துக்காரர் ஒருவர் சுசுகி டி.எஸ். 125இல் உரமூட்டை கட்டிப் போகிறார் என்றால், பனிப்போரின் ஒரு துண்டையும் அவர் சேர்த்தே சுமக்கிறார். அந்தக் குழாய் கல்லில் மோதி நசுங்கினால் அலை திரும்பும் கணக்குத் தப்பிவிடும். “தட்டி எடுத்துத் தாறேன்” என்று சுத்தியலைத் தூக்கும் கராஜ் பாஸிடம் இதை விளக்கிப் பயனில்லை. விளக்கியும் பார்த்தாயிற்று.

டூ ஸ்ட்ரோக்கின் ஓசை குறித்துத் தோட்டத்தில் ஏற்கெனவே ஒரு வாய்மொழி அறிவு உண்டு. சின்னத்தொரை பைக்கில் மலை பார்க்க வந்த காலத்தில், வளைவுக்கு அப்பால் இரைச்சல் கேட்டதும் கொழுந்து மலையில் பேச்சு நிற்கும், கைகள் விரையும். வண்டியின் வகை, துரையின் மனநிலை, அவர் எந்த நம்பர் மலைக்குத் திரும்புகிறார் என்பவை யாவும் காதாலேயே அறியப்பட்டன. இவ்வகையில் பார்த்தால், டூ ஸ்ட்ரோக்கைத் தெரிவுசெய்த சின்னத்தொரை தொழிலாளருக்குச் செய்த நன்மை பெரிது. தான் வருவதைத் தானே அறிவித்துக்கொண்டு வந்தார்.

வலுவின் இயல்பை 125 சிசி பந்தய வண்டியை வைத்தே விளக்கலாம். கீழ்ச்சுற்றில் அதற்கு உயிரே இல்லை. காமன் கூத்தில் தப்பு மெல்ல விழும்வரை ஓரமாகச் சும்மா நிற்கும் சாமியாடியைப் போலத்தான் அதுவும்: அடி ஒரு வேகத்தைத் தொட்டதும் உடம்பு சிலிர்க்கும், அப்புறம் நாலு பேர் பிடித்தாலும் நில்லாது. அந்த நாலு பேர் பைக்கில் இல்லை என்பதே சிக்கல். 250 சிசி வண்டிக்குக் கீழ்ச்சுற்றிலும் இழுவை உண்டு. ஆகவே இலகு என்பர். இலகுவன்று. 125 ஓட்டுபவன் பிழைவிட்டால் வண்டி தூங்கும், 250 ஓட்டுபவன் பிழைவிட்டால் அவன் தேயிலைச் செடிக்குள் இருப்பான். கவ்வாத்து வெட்டிய மலையென்றால் இன்னும் கேடு. கூரிய கட்டைகள் யாரென்று பார்க்கா.

காற்றைப் பற்றியும் சிறிது. பதுளை நகரம் ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்தில் கிடக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட நூற்றுக்கு 6 அளவில் குறைவு. தியத்தலாவையில் 11க்கு மேல். 1970 மீற்றரில் உள்ள லிப்டன் சீட்டில் 17க்கும் மேல். கொழும்பில் காபரேட்டர் சரிபார்த்துக் கொண்டுவந்த வண்டிக்கு இங்கே காற்றுப் போதாது, பெற்றோல் மிஞ்சும். பிளக் கரிபிடித்து வண்டி இருமும். சிறிய மெயின் ஜெட் போட வேண்டும். இதை அறியாமல் “வண்டிக்கு வலு இல்ல” என்று விற்றுவிட்டுப் போன கொழும்புக்காரர்களால் எங்கள் பகுதி பயனடைந்திருக்கிறது.

பெற்றோலில் ஒயில் கலக்கும் விகிதம் நாற்பதுக்கு ஒன்று என்று கொள்வோம். 2022இல் எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் கிடைத்தது. அதற்கு ஒயில் 100 மில்லி லீற்றர். இந்த 100ஐத் திருத்தமாக அளக்கத் தோட்டத்தில் உள்ள ஒரே கருவி, பக்கத்தில் கோடு போட்ட பால் போத்தல். அளந்த பின் அது மீண்டும் பிள்ளையிடம் போகக்கூடாது என்பது ஆய்வறம். கண்ணால் அளந்து ஊற்றும் மரபும் உண்டு. அம்மரபினரின் வண்டி போன திசையைப் புகையே அரை நாள் காட்டிக்கொண்டிருக்கும்.

இப்போது தலையாய பொருளுக்கு வருவோம். நாலு ஸ்ட்ரோக் வண்டியில் அக்ஸிலேட்டர் முறுக்கை விட்டால் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தப் பார்க்கும். டூ ஸ்ட்ரோக்கில் அந்தப் பிடி மிகச் சிறிது. அது மட்டுமா? கலந்து ஊற்றும் வண்டிக்கு ஒயில் வருவதே பெற்றோலின் வழியாகத்தான். முறுக்கை மூடி உயர்ந்த கியரில் நெடுந்தூரம் இறங்கினால், சக்கரம் எஞ்சினைச் சுழற்றிக்கொண்டே இருக்கும், ஒயிலோ உள்ளே வராது. பிஸ்டன் காய்ந்து சிலிண்டரில் பிடிக்கும், பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். ஹப்புத்தளையிலிருந்து பெரகலை, கொஸ்லாந்தை வழியாக வெல்லவாயவுக்கு இறங்கும் பாதையை எண்ணிப் பாருங்கள்: 1400 மீற்றரில் தொடங்கி 200 மீற்றர் அளவில் முடிகிறது. அத்தனை வளைவும் இறக்கமே.

அஃதேல் இறக்கத்தில் கியரை நியூட்ரலில் போட்டு எஞ்சினை நிறுத்திவிடலாமே, பெற்றோலும் மிச்சமாமே எனின், அற்றன்று. அவ்வாறு கூறியோர் பிரேக் காய்ந்து சிவந்த பின் கருத்தை மாற்றிக்கொண்டனர். சரியான முறை, இடையிடையே கிளட்சைப் பிடித்து முறுக்கை ஒருமுறை திறந்து மூடுவது. எஞ்சினுக்கு ஒரு மிடறு ஒயில் போகும். பண்டாரவளையில் கராஜ் வைத்திருக்கும் பாஸ் ஒருவர் இதை நூற்பாவாகவே சொன்னார்:

“தம்பி, ஏறுறத எவனும் சொல்லித் தருவான். எறங்குறப்ப புடிச்சிச்சுனா நா வந்துதான் தூக்கணும். மொதல்ல டிஸ்க் பிரேக்க பாரு, பெறகு பெயின்ட பாரு.”

பெயின்ட்டைப் பின்னுக்குத் தள்ளிய முதல் அறிஞர் அவரே.

இவ்வளவும் ஏற்றுக்கொண்டால் தெரிவு சுருங்கிவிடுகிறது. யமஹா டி.டி. வகைக்கு ஒயில் தொட்டி தனி. 1964இல் யமஹா கொண்டுவந்த ஓட்டோலூப் பம்ப், எஞ்சினின் சுற்றுக்கு ஏற்பவும் ஒயிலை அனுப்புவதால், முறுக்கை மூடியும் ஓரளவு காவல் உண்டு. பால் போத்தலும் வேண்டியதில்லை. லைட்டும் இலக்கத்தகடும் இருப்பதால் பதுளைக்குக் கறி வாங்கவும் போகலாம். ஆனால் கனம், பாய்ந்து விழும்போது முதுகெலும்புக்கு அது தெரியும். யமஹா வைஇசட் 125 போன்ற பந்தய வண்டி நூறு கிலோவுக்கும் குறைவு, சிலிண்டர் தலையில் வால்வு கிடையாது, பிஸ்டனையும் ரிங்கையும் ஒரு மேசையில் வைத்து மாற்றிவிடலாம். லைட் இல்லை, பாதையில் ஓட்ட அனுமதி இல்லை. இருக்கை ஏறத்தாழ ஒரு மீற்றர் உயரம். தோட்டத்துச் சராசரிக் காலுக்கு நிலம் எட்டாது. சரிவில் நின்றுவிட்டால் மேட்டுப்பக்கக் கால் மட்டும் ஊன்றும், மறுகால் வெளியில் தொங்கும். ஆகவே கான் கட்டு, மதகு, முனியாண்டி கோயில் திண்ணை இவற்றின் அருகில் மட்டுமே நிறுத்துக.

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025இல்தான் திறந்தது. அந்த இடைவெளியில் பழைய டி.டி.க்கள் கைமாறிக் கைமாறி விலையேறின. ஒரே வண்டியை மூன்று பேர் “நான் ஒருத்தன்தான் ஓட்டினேன்” என்று விற்றார்கள். ஆகவே தெரிவு என்பது பாதி விதி.

முடிபு: ஃபொக்ஸ் ஹில்லின் இறக்கங்கள் குட்டை, அங்கே ஒயில் பஞ்சம் வராது, பந்தயத்துக்கு மட்டும் என்றால் 125, அதையும் லொறியில் ஏற்றிச் செல்க. பந்தயத்தன்று காலை மலையிலிருந்து தானே ஓட்டி இறங்கி, ஓடி, தோற்று, மீண்டும் வீடு சேர வேண்டியவனுக்கு டி.டி. சித்திரை மாதப் பிற்பகல் மழை எதற்கும் பொது. அதற்கு எந்த வண்டியும் விடை அன்று.

எஞ்சியிருப்பது பணத்தை வீட்டில் கேட்பது எப்படி என்னும் வினா. அது தனி ஆய்வுக்குரியது. தலைப்புப் பதிவாகிவிட்டது, நெறியாளர்தான் இன்னும் கிடைக்கவில்லை.