அறை விழுந்தது, மூன்று முறை

தமிழக அரசு 2009 தொடங்கி சில ஆண்டுகளுக்கான சின்னத்திரை விருதுகளை 2022 செப்டம்பரில் கொடுத்தது. பதின்மூன்று வருட இழுவை. நெடுந்தொடருக்கான இலக்கணத்தை இவ்வளவு கறாராகக் கடைப்பிடித்த தயாரிப்பாளர் இதுவரை பிறக்கவில்லை. அந்த வருடத்தின் சிறந்த தொடர் விருதை அரசே எடுத்து வைத்துக்கொண்டிருக்கலாம்.

ஏனென்றால் இந்தத் தொழிலில் சிறப்பு என்றால் முடியாமல் இருப்பது. அமெரிக்காவில் 'பிரேக்கிங் பேட்' 62 எபிசோடில் கடையைச் சாத்திவிட்டது. 'செர்னோபில்' ஐந்தே எபிசோட். அணு உலை வெடித்து, ஊர் காலியாகி, விசாரணையும் நடந்து முடிந்துவிடுகிறது. நம்மிடம் கொடுத்திருந்தால், உலை வெடித்த சத்தம் கேட்டு மாமியார் திரும்பிப் பார்க்கவே ஐந்து எபிசோட் ஆகியிருக்கும். முதலில் முகம். பிறகு கண். பிறகு மூக்குத்தி. நடுவில் சலவைத்தூள் விளம்பரம்.

இந்தக் கலையின் சிகரம் 2019இல் தொடங்கிய 'பாரதி கண்ணம்மா'. கதாநாயகன் டாக்டர். தனக்குக் குழந்தை பிறக்க வாய்ப்பில்லை என்று நம்பி, கர்ப்பிணி மனைவியைச் சந்தேகப்படுகிறார். ஒரு டி.என்.ஏ. டெஸ்ட் எடுத்தால் விஷயம் முடிந்தது. மருத்துவம் படிக்காத தமிழ்நாடே வருடக்கணக்கில் அவரிடம் கெஞ்சியது. அத்தனை காலமும் அவர் எடுக்கவில்லை. எடுத்தால் தயாரிப்பு அலுவலகத்தில் எத்தனை பேருக்கு வேலை போகும் என்று அந்த மனிதருக்குத் தெரியும். அதற்குள் மனைவி தோளில் பையை மாட்டிக்கொண்டு வீட்டை விட்டுக் கிளம்பினாள். நடந்தாள். வாரம் போனது, நடந்துகொண்டே இருந்தாள். நாடு சிரித்தது, மீம் போட்டது. வயிற்றில் பிள்ளையோடு ஒருத்தி தெருவில் நிற்பது எப்போது நமக்கு நகைச்சுவையானது என்று யாரும் கேட்கவில்லை. நானும் சிரித்தவன்தான்.

அடுத்தது அறை. கணவன் கையை ஓங்கியதும் சட்டகம் உறையும். விழும் அறையை மூன்று கோணத்தில் மூன்று முறை காட்டுவார்கள், முதல் இரண்டு முறையும் நமக்கு உறைக்காமல் போயிருந்தால் என்ன செய்வது என்ற அக்கறையில். மறுநாள் ரீகேப்பில் நான்காவது. பல நேரங்களில் அடுத்த எபிசோடில் அது கனவாகிவிடும். ப்ரோமோவில் மட்டும் ஒருபோதும் கனவு என்று சொல்வதில்லை.

நடிகை பாதியில் போய்விட்டாரா? திரையில் ஒரு வரி வரும்: இவருக்குப் பதில் இவர். மாமியார் அசையமாட்டாள், கணவன் கண் சிமிட்டமாட்டான். முகமே மாறினாலும் வீட்டில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. அந்த வீட்டில் மருமகளின் மதிப்பு என்ன என்பதை இத்தனை நேர்மையாகச் சொல்லும் காட்சி எந்தத் தொடரிலும் வேறு கிடையாது.

கதை எழுதுவது யார் என்கிறீர்கள்? வியாழக்கிழமை. அன்றுதான் டி.ஆர்.பி. பட்டியல் வரும். புள்ளி இறங்கினால் யாருக்காவது கல்யாணம். இன்னும் இறங்கினால் அந்தக் கல்யாணம் நிற்கும். அதற்கும் அசையவில்லையென்றால் 'மகா சங்கமம்' என்று இரண்டு தொடர்களின் குடும்பங்களையும் ஒரே மண்டபத்தில் அடைத்துவிடுவார்கள். ஒரு பெண் கருத்தரிப்பதும் கரு கலைவதும் மும்பையில் கூட்டிக் கழிக்கப்படும் புள்ளிகளைப் பொறுத்து நடக்கிறது. கீழே சோபாவில் உட்கார்ந்திருப்பவள் அதற்கு நிஜமாகவே அழுகிறாள். எனக்கு வயிறு எரிவது இங்கேதான்.

இப்படி இருந்தே தீர வேண்டும் என்று விதியில்லை. இதே ஊரில் கே. பாலசந்தர் 'ரயில் சிநேகம்' எடுத்தார். நாகாவும் இந்திரா சௌந்தர்ராஜனும் 'மர்மதேசம்' தந்தார்கள்; வாரம் ஒருநாள் வந்தது, அதில் வந்த 'விடாது கருப்பு'க்காக ஜனங்கள் ஏழு நாள் காத்திருந்தார்கள். அந்தக் கதைக்கு முடிவு இருந்தது. முடிவை நோக்கிப் போனதால் ஒவ்வொரு காட்சிக்கும் வேலை இருந்தது. தினசரித் தொடராகவே இருந்தும் 'மெட்டி ஒலி'யில் ஐந்து பெண்களைப் பெற்ற ஒரு தகப்பன் இருந்தான். அவன் கவலைக்குப் பின்னணி இசை தேவைப்படவில்லை. பிறகு வந்த 'எதிர்நீச்சல்' தொடரும் பெண்களின் பக்கம் நிற்கிறேன் என்றுதான் வந்தது. ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து அசத்திவிட்டார், ஊர் முழுக்கப் பரவியது மருமகள்களின் பேச்சல்ல, குணசேகரனின் அதட்டல். நடிகர் மேல் குற்றமில்லை. அதட்டலுக்குத்தான் புள்ளி ஏறியது, அதனால் அதட்டல் நீண்டது.

கேட்டால் தயாராக ஒரு பதில் வைத்திருக்கிறார்கள்: "லேடீஸுக்கு இதுதான் சார் பிடிக்குது." பகல் முழுக்க வீட்டுக்கும் வேலைக்கும் மாரடித்துவிட்டு வந்து உட்காருகிறவளுக்கு ஏழு மணிக்கு விஷம், ஏழரைக்கு ஆள்கடத்தல், எட்டு மணிக்குச் சக்களத்தி என்று பரிமாறிவிட்டு, அவள்தான் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள் என்று பழியையும் அவள் இலையிலேயே வைக்கிறார்கள். "பிடிக்கலைன்னா மாத்திக்கோங்க, ரிமோட் உங்க கையிலதானே?" மாற்றலாம். அடுத்த சேனலில் அதே நிமிடத்தில் வேறொருத்தி மாடிப்படியில் உருண்டுகொண்டிருப்பாள்.

மார்ச் 8 வந்தால் இதே சேனல்கள் மகளிர் தினச் சிறப்பு நிகழ்ச்சி நடத்தும். திரையில் குடுமிப்பிடிச் சண்டை போட்ட மாமியாரும் மருமகளும் பட்டுப்புடவையில் சேர்ந்து நின்று கேக் வெட்டுவார்கள். தொகுப்பாளினி பெண் சக்தி பற்றிப் பேசிக் கண்கலங்குவாள். ஒன்பதாம் தேதி ஏழரை மணிக்கு எந்தப் பால் டம்ளரில் எதைக் கலப்பது என்று கதை இலாகா அதற்கு முன்பே எழுதிக் கொடுத்திருக்கும்.