கவலைக் காலம்

மலையேறக் கிளம்புகிறவர்களில் இரண்டு கட்சி உண்டு. செல்போன் இல்லாமல் காட்டுக்குள் காலடி எடுத்து வைக்கவே கூடாது என்பது ஒரு கட்சி. செல்போனைத்தான் பார்த்துக்கொண்டிருக்கப் போகிறாய் என்றால் காடு எதற்கு, பஸ் ஸ்டாண்டு பெஞ்சு போதாதா என்பது இன்னொரு கட்சி. அகத்தியர்கூடத்துக்கு முன்பதிவு தொடங்கப்போகிறது என்று நான் சொன்ன அன்று, இரண்டு கட்சியும் எங்கள் வீட்டு ஹாலிலேயே பொதுக்கூட்டம் போட்டுவிட்டன.

அகத்தியர்கூடம் பொதிகை மலையின் உச்சி. உயரம் 1,868 மீட்டர். அங்கிருந்து இறங்கும் தாமிரபரணி நமக்கு. ஏறும் பாதை கேரள வனத்துறைக்கு. போணக்காட்டில் புறப்பட்டு முதல் நாள் முழுக்க நடந்தால் அதிருமலை முகாம். கஞ்சி குடித்துப் படுத்து, மறுநாள் உச்சிக்கு ஏறி இறங்கி, மூன்றாம் நாள் ஊர் திரும்ப வேண்டும். வழியில் யானை உண்டு. மழை பெய்தால் அட்டையும் உண்டு. டவர்தான் கிடையாது.

"டவரே இல்லன்னா எப்படி அத்தான் போவீங்க?" என்று பதறினான் மச்சினன்.

"நடந்துதான்."

போன் கட்சிக்குத் தலைவன் அவன். எதிர்க்கட்சித் தலைவர் என் பெரியப்பா. பாபநாசம் வழியாகவே பொதிகை ஏற முடிந்த காலத்தில், தோளில் ஒரு துணிமூட்டையோடு போய்வந்தவர். புராணத்திலிருந்து ஆரம்பித்தார்.

"சிவன் கல்யாணத்துக்கு எல்லாரும் கயிலாயத்துல கூடிட்டாங்க. வடக்கு தாழ்ந்துபோச்சு. அதைச் சரிக்கட்ட அகத்தியரைத் தெற்கே அனுப்பினாரு சிவன். கல்யாணம் பாக்க முடியலையேன்னு முனிவருக்கு வருத்தம். கல்யாணக் கோலத்தை இங்கயே காட்டிக் கொடுத்தாரு. டவரே இல்லாம நேரலை பாத்த மலைல அது!"

"அது ஒருவழிச் சேவை பெரியப்பா," என்றான் மச்சினன். "ஒரு அவசரம்னா அகத்தியர் திருப்பிக் கூப்பிட்டிருக்க முடியுமா?"

இருவரையும் சமாதானப்படுத்த, நான் படித்துவைத்திருந்த அறிவியலை எடுத்துவிட்டேன். டவர் இல்லாத இடத்தில் போன் சும்மா கிடப்பதில்லை. தேரோட்டக் கூட்டத்தில் பிள்ளையைத் தொலைத்த தாயைப் போல, டவரைத் திரும்பத் திரும்பத் தேடிக்கொண்டே இருக்கும். அப்படித் தேடியே பேட்டரி தீர்ந்துவிடும். அதனால் காட்டுக்குள் நுழைந்ததும் அதை ஃப்ளைட் மோடில் போட்டு உட்கார வைக்க வேண்டும்.

"அப்ப ஜி.பி.எஸ்.?"

அது வேலை செய்யும். 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களில் நான்கு கண்ணில் பட்டால் போதும், நாம் நிற்கும் இடத்தைப் போன் கணக்குப் போட்டுவிடும். வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்திருந்தால் டவர் தேவையே இல்லை. ஒரு சங்கடம் மட்டும் உண்டு. செயற்கைக்கோள் சொல்லும், போன் கேட்டுக்கொள்ளும், பதில் போகாது. அதாவது, நான் எந்த இடத்தில் தொலைந்துபோயிருக்கிறேன் என்பது மீட்டர் சுத்தமாக எனக்குத் தெரியும். வேறு ஒருவருக்கும் தெரியாது.

"112 இருக்குல்ல?"

இருக்கிறது. நம் சிம்முக்குச் சிக்னல் இல்லாவிட்டாலும் வேறு கம்பெனி டவரைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேரும். ஆனால் யாராவது ஒரு கம்பெனிக்காரர் அங்கே டவர் நட்டிருக்க வேண்டும். யானைகளிடம் மாத வாடகை வசூலிக்க வழியில்லாததால் ஒருவரும் நடவில்லை.

மச்சினன் விடவில்லை. 2022-லேயே அமெரிக்காவில் ஐபோன் 14-லிருந்து செயற்கைக்கோள் வழியாக அபாயச் செய்தி அனுப்ப ஆரம்பித்துவிட்டார்களே என்றான். அதே போன்தான் அவன் கையிலும் இருந்தது. ஆனால் அந்தச் சேவை இந்தியாவுக்கு வந்து சேரவில்லை. சரி, சாட்டிலைட் போனே வாங்கிவிடலாம் என்றான். நம் நாட்டில் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் அதை வைத்திருப்பது குற்றம். விவரம் தெரியாமல் பையில் போட்டுக்கொண்டு வந்த வெளிநாட்டு மலையேறிகள் விமான நிலையத்திலேயே மாட்டியிருக்கிறார்கள். யானையிடம் தப்பிப் போலீஸிடம் பிடிபடுவது எனக்கு உசிதமாகப் படவில்லை.

ஆகப் பொதிகை மலையில் செல்போன் என்பது ஒரு டார்ச், ஒரு கேமரா, ஒரு வரைபடம். இந்த மூன்றுக்கும் சார்ஜ் வேண்டுமே என்று மச்சினன் ஒரு பவர் பேங்க்கைக் கொண்டுவந்து கையில் கொடுத்தான். அதன் கனத்துக்கு இன்னொரு வேளைச் சாப்பாட்டைச் சுமக்கலாம்.

பெரியப்பா அதை வாங்கி எடைபார்த்துவிட்டு, இந்த மலையின் பழங்குடிகளான காணிக்காரர்களின் கதையைச் சொன்னார். இது புராணமல்ல. 1987-ல் இந்த மலைக்காட்டுக்கு ஆய்வுக்குப் போன விஞ்ஞானிகள் நடக்க முடியாமல் மூச்சு வாங்க, வழிகாட்டிகளாக வந்த காணிக்காரர்கள் ஏதோ ஒரு பழத்தை மென்றபடி சோர்வே இல்லாமல் முன்னால் போயிருக்கிறார்கள். கெஞ்சிக் கேட்டபிறகுதான் செடியைக் காட்டினார்கள். ஆரோக்கியப்பச்சை. பிறகு அதிலிருந்து 'ஜீவனி' என்று ஒரு மருந்தே தயாரானது. "அதுதான் பவர் பேங்க்கு! ஒயரும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

இவ்வளவு நேரமும் என் மனைவி பேசாமல் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஏனென்றால் மலைக்குப் போகிறவனுக்குப் போன் தேவையா என்பது வெறும் பொழுதுபோக்கு விவாதம். வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் அது உண்மையிலேயே தேவை. பெரியப்பா காலத்தில் போனவர் திரும்பி வரும்வரை செய்தி வராது. வராததை யாரும் கெட்ட செய்தியாக எடுத்துக்கொள்ளவும் இல்லை. இன்று தெருமுனைக் கடைக்குப் போனவன் இரண்டு ரிங்குக்குள் எடுக்காவிட்டால் குலதெய்வத்துக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்துவிடுகிறார்கள். "தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார்" என்று ஒரு பெண்குரல் நிதானமாகச் சொல்லும்போது, அந்த நிதானமே வயிற்றைக் கலக்குகிறது.

இதற்கு மலையேறிகள் போன் வருவதற்கு முன்பே ஒரு வழி கண்டிருக்கிறார்கள். எந்தப் பாதை, உடன் வருபவர் யார், எப்போது திரும்புவோம், திரும்பாவிட்டால் எத்தனை மணிக்கு யாரிடம் சொல்ல வேண்டும் என்று எழுதி வீட்டில் கொடுத்துவிட்டுப் போவது. சுருங்கச் சொன்னால், கவலையை எப்போது தொடங்க வேண்டும் என்பதற்கு ஒரு முகூர்த்தம் குறித்துக் கொடுப்பது. நானும் எழுதினேன். "ஞாயிறு மாலை 6 மணி வரை கவலை வேண்டாம். 6 முதல் 10 வரை, தாமதம் என்று கொள்ளவும். 10 மணிக்கு மேல் வனத்துறைக்குத் தகவல் சொல்லவும்."

மனைவி வாசித்தாள். "வெள்ளி, சனி ரெண்டு நாளும் கவலையே படக்கூடாதா?"

"பட்டுப் பிரயோசனம் இல்லைன்னு சொல்றேன்."

"பிரயோசனம் பாத்துத்தான் இத்தனை வருஷம் பட்டேனா?"

பேச்சுவார்த்தை தொடங்கியது. ஆறு மணி நான்கானது. சனிக்கிழமை இரவுக்கு அரைமணி நேரம் இடைக்கால நிவாரணமாக ஒதுக்கப்பட்டது. வெள்ளிக்கிழமைக்கும் ஏதாவது பார்த்துச் செய்யும்படி கேட்டுக்கொண்டிருந்தவள், திடீரென்று நிறுத்தினாள்.

"ஏங்க, அங்க பொம்பளைங்க ஏறலாமா?"

கேரள உயர் நீதிமன்றம் 2018-லேயே தடையை நீக்கிவிட்டது, 2019 ஜனவரியிலிருந்து ஏறுகிறார்கள் என்று, பின்விளைவை யோசிக்காமல், ஒரு தகவலாகத்தான் சொன்னேன்.

"அப்ப ரெண்டு டிக்கெட்டாப் போடுங்க. கவலைப்படுற வேலைய அத்தை பாத்துக்கிடட்டும்."

எழுதிய தாள் அம்மாவிடம் போயிற்று. அம்மா திருத்தம் எதுவும் கேட்கவில்லை. தினசரி காலண்டரில் ராகு காலம், எமகண்டத்துக்குக் கீழே, "கவலை: மாலை 4" என்று பால்பாயின்ட் பேனாவால் குறித்துக்கொண்டார்.

போனைக் கொண்டுபோனோம், அணைத்துப் பைக்குள் போட்டிருந்தோம். அதிருமலை முகாமில் ஒருவர் போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி திசைக்கொரு நமஸ்காரம் செய்துகொண்டிருந்தார். என் மனைவி உச்சியில் நின்று பார்த்த மேகத்தை ஒரு படம் எடுத்தாள். அதோடு சரி.

திரும்பும் வழியில், விதுரா ஊரை நெருங்கும்போது போனை உயிர்ப்பித்தேன். செய்திகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. மணி இரண்டுகூட ஆகவில்லை; காலண்டர்படி கவலைக்கு இன்னும் நேரம் இருந்தது. அதற்குள் அம்மாவே கூப்பிட்டுவிட்டார். பெற்ற மனம் அல்லவா என்று நெகிழ்ந்துபோய் எடுத்தேன்.

"ஏல, கேஸ் சிலிண்டர்காரன் நேத்துலேர்ந்து ரெண்டு தடவை வந்து திரும்பிப் போயிட்டான். ஓ.டி.பி. உன் போனுக்குத்தான் வருதாம். மலைக்குப் போறவன் போனை வீட்ல வச்சுட்டுப் போகத் தெரியாதா?"